அறுப்பின் பண்டிகையில் மூன்று பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்று பத்து.

மேற்குத் தாம்பரத்தில் தன் வீட்டு வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிய ஜெபராஜ், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இன்னொரு செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார்.

"மெட்டில்டா, இங்க ஒரு கூடை இருந்ததே."

"பூசணிக்காய்க் கூடைதானே? நேத்து சாயங்காலமே பெண்கள் சங்கத்துக்காரங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு ஏலமும் விட்டாச்சு. நீங்க கோயில்லதானே இருந்தீங்க?"

"நான் சாம்பார் சாத வாளியோட பந்தியில இருந்தேன். கூடையில, பூசணிக்காய்க்கு அடியில..."

"மூணு பாட்டில் ஜூஸ். பார்த்தேன்." மெட்டில்டாவின் முகம் மலர்ந்தது. "காணிக்கையாக் கொடுக்கப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. நம்ம வீட்டு ஜூஸ்தாங்க இந்த வருஷம் டாப். ஆட்டுக்குட்டிக்கு அடுத்தபடியா அதுதான் விலை போச்சு. ஃபாரின் இல்லையா."

ஜெபராஜ் வாசற்படியில் உட்கார்ந்தார்.

சபையில் வருஷா வருஷம் அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காயோ கோழியோ கேக்கோ காணிக்கையாகப் போகும். ஆராதனை முடிந்ததும் வேப்ப மரத்தடியில் ஏலம். சனிக்கிழமை மாலை பெண்கள் சங்கம் கைவண்டியோடு தெருத்தெருவாக வரும். வாசல் கதவை ஒட்டி என்ன இருக்கிறதோ அதுதான் காணிக்கை. கேள்வி கிடையாது. போன வருஷம் யார் வீட்டிலிருந்தோ ரிப்பேருக்குப் போக வேண்டிய மிக்ஸி அப்படித்தான் ஏலத்துக்கு வந்தது.

இதெல்லாம் ஜெபராஜுக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமை காலையில் மெட்டில்டா திடீரென்று பீரோவைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டாள். பீரோவில் வேட்டிகளுக்குப் பின்னால் இருந்த மூன்று பாட்டில்களையும் அவர் அவசரமாகத் தூக்கி, கண்ணில் பட்ட முதல் கூடைக்குள் ஒளித்தார். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். எடுக்கவில்லை.

அவை ஜூஸ் பாட்டில்கள் அல்ல. பீர்.

மெட்டில்டாவின் தம்பி தனசிங் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில், 'உணவுத் துறை'யில் இருப்பதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவன் ஒரு சிறிய பீர் கம்பெனியில் இருந்தான். கிரான்பெரி என்ற சிவப்புப் பழத்தைப் போட்டு அந்தக் கம்பெனி ஒரு புதுச் சரக்கு காய்ச்சியது. அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை. "மச்சான், அவங்களுக்குப் புளிப்புன்னா என்னன்னு தெரியாது. புளி தின்னு வளர்ந்த நாக்குதான் சரியான கருத்து சொல்லும்" என்று ஆகஸ்டில் வந்தபோது மூன்று பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் நூலில் ஒரு சீட்டு. அவன் தன் கையாலேயே தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது. 'இந்தப் பானத்தைப் பற்றித் தங்கள் மேலான கருத்து. நிறம். மணம். முதல் மடக்கு. பின் சுவை. நூற்றுக்கு எத்தனை மதிப்பெண்.'

ஜெபராஜ் வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. கருத்தை எழுதவும் முடியாமல், பாட்டிலை எறியவும் மனமில்லாமல் இரண்டு மாதமாகப் பீரோவைப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டிருந்தார்.

"லேபிளை யாரும் படிக்கலையா?" என்றார் மெதுவாக.

"பெருசா பழம் போட்டிருக்கு, கிரான்பெரின்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ ஏல நம்பர் சீட்டு ஒட்டியாச்சு. நாற்பத்தொண்ணு, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூணு. கோதுமைப் பசை. கல்லு மாதிரி ஒட்டியிருக்கும். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அந்தப் பழப் படத்துக்குக் கீழேதான் 'பீர்' என்ற சொல் இருந்தது.

"யார் யார் வாங்கினாங்க?"

மெட்டில்டா விரல் விட்டு எண்ணினாள். "முடிச்சூர் ஜெயவேலு ஒண்ணு. பெருங்களத்தூர் ஐசக் அண்ணன் ஒண்ணு. அப்புறம் யார் தெரியுமா? நம்ம கரஸ்பாண்டன்ட் ஐயா. விடாம ஏத்திக் கேட்டு வாங்கினார். நாளைக்கு உங்க இன்டர்வியூவுக்கு நல்ல சகுனம்தான்."

ஜெபராஜ் தன் விரலில் அந்த மூன்று பேரையும் மறுபடி எண்ணிப் பார்த்தார்.

நாளை திங்கட்கிழமை, காலை பத்து மணி. சபையின் மேல்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கக் கமிட்டி கூடுகிறது. பதினோரு வருஷம் உதவித் தலைமையாசிரியராக இருந்தாயிற்று. ரிடையர் ஆக இன்னும் இரண்டே வருஷம். போட்டி ஒரே ஒருவர், படப்பையிலிருந்து வருகிறார். முடிவு சொல்ல வேண்டியவர் பள்ளி நிர்வாகியான கரஸ்பாண்டன்ட் ஞானையா. போன வருஷம் ஒயின் ஷாப் வாசலில் நின்ற டிரில் மாஸ்டரை ஞானையா ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். 'சோடா வாங்க நின்றேன்' என்று அந்த மனிதர் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அதையும் கூடவே அனுப்பினார்.

ஜெபராஜ் எழுந்தார். கழற்றிய செருப்பை மாட்டினார். மெட்டில்டா கிறிஸ்மஸுக்காகப் போட்டு வைத்திருந்த நன்னாரி சர்பத்தில் மூன்று பாட்டிலை ஒரு பையில் போட்டார். டி.வி.எஸ். ஐம்பதின் பெடலை மிதித்தார்.

"சாப்பிடலையா?" என்ற குரல் தெருமுனை வரை துரத்தியது.

ஒன்று முப்பத்தைந்து. முடிச்சூர்.

ஜெயவேலு நேற்று வரை விவசாயி, இன்று மனை வியாபாரி. ஏரிக்கரை ஓரத்து நெல் வயலில் கல் நட்டு, கல்லுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து விற்றுக்கொண்டிருந்தார். சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் ஏலம் என்றால் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காருவார்.

இன்று வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குக் கீழே நாற்பத்தொன்றாம் நம்பர் பாட்டில். காலி.

"வா வாத்தியாரே, குந்து. உன்னாண்டதான் கேக்கணும்னு இருந்தேன். உங்க சாமி வூட்ல எப்போலேந்து பீரு விக்கிறாங்கோ?"

"மெதுவா பேசுங்க."

"இன்னாத்துக்கு மெதுவா? துட்டு குடுத்து வாங்கிகினு வந்தேன். ஜூஸுன்னு நெனச்சி வூட்டுக்காரிக்கு மொதல்ல ஊத்திக் குடுத்தேன் சார். ஒரு வாய் வெச்சிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு."

உள்ளேயிருந்து கிளியம்மாளின் குரல் வந்தது. "முப்பது வருசமா உன் வாயாண்ட அடிக்கிற நாத்தம் எனக்குத் தெரியாதா? கோயில் பேரச் சொல்லி இட்டாந்து குடுக்கிறான் பாரு, கஸ்மாலம்."

"கேட்டியா? ஒரு தப்பும் பண்ணாத ஒரே நாள்ல திட்டு வாங்கறேன்." ஜெயவேலு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்தார். "கருத்து கேட்டிருந்தாங்க. எழுதிட்டேன்."

தச்சு வேலைப் பென்சிலால் எழுதியிருந்தது. நிறம்: வெத்தல எச்சி. மணம்: ஊசிப்போன புளியோதரை. முதல் மடக்கு: பீரா ரசமா முடிவு பண்ணிட்டு காச்சணும். பின் சுவை: மீன் கொழம்பு சட்டி கழுவின தண்ணி. மதிப்பெண் இருந்த இடத்தில் ஒரு பெரிய முட்டை வரைந்து, அதற்குள் சின்னதாக இன்னொரு முட்டை வரைந்திருந்தார்.

"முப்பது வருசமா பீரு குடிக்கிறேன் வாத்தியாரே. பழத்தைப் போட்டு அதைக் கெடுத்தவனை நான் பார்த்ததில்ல. இருந்தாலும் பாஸ்டராண்ட போயி ஒரு வார்த்தை கேக்கலாம்னு கீறேன். அடுத்த வருசம் நல்ல சரக்கா வருமான்னு."

ஜெபராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னார். பீரோ, பூசணி, கைவண்டி, நாளைக் காலைப் பத்து மணி, எல்லாவற்றையும்.

ஜெயவேலு குனிந்து கட்டிலுக்குக் கீழே இருந்த காலி பாட்டிலைப் பார்த்தார். "அப்போ அந்தக் கரஸ்பாண்டன்ட்டும் ஒண்ணு இட்டுனு போனாரே. அவரும் குடிச்சிருப்பாரா?"

"அதைத் தடுக்கத்தான் போறேன்."

"போ, போ. நான் பாஸ்டராண்ட வாயத் தொறக்கல. பதிலுக்கு ஒண்ணு செய்யி. நீ ஹெட்மாஸ்டர் ஆனா, ஆட்டுக்குட்டி ஏலத்துல அந்தக் கரஸ்பாண்டன்ட்டு என்கூட மல்லுக்கு நிக்காம பார்த்துக்க. மூணு வருசமா பேஜார் பண்றாரு."

சீட்டும் காலி பாட்டிலும் பைக்குள் போயின. ஒரு சர்பத் பாட்டில் கிளியம்மாளிடம் போனது. அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மணி. பெருங்களத்தூர் ரயில்வே கேட்.

மூடியிருந்தது. ஒரு எலக்ட்ரிக் டிரெயின் போயிற்று. கேட் திறக்கவில்லை. ஒரு சரக்கு வண்டி வந்தது. ஜெபராஜ் வேகன்களை எண்ணினார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று வந்ததும் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி ஜெபித்தார். என்ன சொல்லி ஜெபிப்பது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. 'ஆண்டவரே, பீர் பாட்டிலைக் காப்பாற்றும்' என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நான்காவது வீடு ஐசக்குடையது. ரிடையரான ரயில்வே கார்டு. சட்டையில்லாமல் முற்றத்தில் நின்று, ஒரு மண்பானைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பானைத் தண்ணீரில் கழுத்து வரை முங்கிக் குளித்துக்கொண்டிருந்தது நாற்பத்திரண்டாம் நம்பர். மூடி அப்படியே இருந்தது.

ஜெபராஜுக்கு உயிர் பாதி வந்தது.

"வா தம்பி. இது என்னன்னு தெரியுமா? கிரான்பெரி. நீர்க்கடுப்புக்கு நல்லதாம். குவைத்துல நர்ஸா இருக்கிற என் பொண்ணு லெட்டர்ல எழுதியிருந்தா. மூணு வருஷமா தாம்பரத்துல தேடாத கடை இல்ல. ஆண்டவர் பாரு, வேப்ப மரத்தடிக்கே அனுப்பி வெச்சிட்டார். நாளைக்குக் காலையில வெறும் வயித்துல ஆரம்பிக்கிறேன்."

"அண்ணா, ஒரு உண்மையச் சொல்லிடறேன். இதுல கொஞ்சம் போதை இருக்கு."

"எவ்வளவு?"

"நூத்துக்கு அஞ்சு பங்கு."

"என் இருமல் மருந்துல இதைவிட ஜாஸ்தி இருக்கு தம்பி. அதை டாக்டரே எழுதிக் கொடுத்தார்."

உண்மை வேலை செய்யவில்லை. ஜெபராஜ் அடுத்த ஆயுதத்தை எடுத்தார்.

"அண்ணா, ஏலத்துல நம்பர் மாறிப் போச்சு. இந்த நாற்பத்திரண்டு வேற ஒருத்தருக்குப் போக வேண்டியது."

ஐசக்கின் முதுகு நிமிர்ந்தது. முப்பத்தாறு வருஷம் பச்சைக்கொடி பிடித்த மனிதர். "நம்பர் மாறிப் போச்சா? அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" பாட்டிலைப் பானையிலிருந்து எடுத்துத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். நம்பர் மாறிய வண்டியை ஒரு நிமிஷம்கூட அவர் தன் பிளாட்பாரத்தில் வைத்திருக்க மாட்டார். பொய் சொன்ன நாக்கு ஜெபராஜுக்கு வாயில் கனத்தது. சர்பத் பாட்டிலை அவர் கையில் வைத்தார்.

"சீட்டு மட்டும் என்னோடது. அதை அனுப்பிடு" என்றார் ஐசக்.

சீட்டில் அச்சடித்தது போன்ற கையெழுத்து. நிறம்: மிக நன்று. மணம்: மிக நன்று. முதல் மடக்கு: மிக நன்று. பின் சுவை: குணம் தெரிகிறது. நூற்றுக்கு நூறு.

"அண்ணா, இன்னும் குடிக்கவே இல்லையே."

"வண்டி டிஸ்டன்ட் சிக்னல்ல வரும்போதே சரியான நேரத்துக்கு வருதான்னு நான் சொல்லிடுவேன் தம்பி. ஸ்டேஷனுக்கு வந்து சேரணும்னு அவசியமில்ல."

இரண்டு ஐம்பது. சேலையூர், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் மூன்றாவது தெரு.

ஞானையா வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுற்றியது. மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர். பக்கத்தில் நாற்பத்து மூன்றாம் நம்பர் பாட்டில். காலி. மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்த ஞானையாவின் கையில் சிவப்பு மைப் பேனா.

"ஸ்தோத்திரம் ஐயா."

"வாங்க ஜெபராஜ். உட்காருங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. இதைப் பாருங்க."

சீட்டை நீட்டினார். ஞானையா இருபத்தாறு வருஷம் பொதுத்தேர்வு வரலாற்றுத் தாள் திருத்தியவர். எதையும் கூட்டி, கட்டம் கட்டி, கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குச் சாப்பாடு செரிக்கும். சீட்டில் இப்படி இருந்தது: 'நிறம்: தெளிவு. அடித்தல் திருத்தல் இல்லை. மணம்: கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. முதல் மடக்கு: ஆரம்பம் கம்பீரம். பின் சுவை: முடிவுரை தேவையில்லாமல் நீள்கிறது. 71/100.'

"எழுபத்தொண்ணு தாராளம்தான்" என்றார் ஞானையா. "ஆனா குடிச்சதும் மனசு லேசாச்சு. மத்தியானத்துல எனக்குத் தூக்கமே வராது. இன்னிக்கு நாற்காலியிலேயே இருபது நிமிஷம். அதுக்கு அஞ்சு மார்க் கூடப் போட்டேன். கம்பெனி அட்ரஸ் வேணும், இதை அனுப்பணும். இந்த நம்பர் சீட்டுக்கு அடியிலதான் இருக்கும்."

டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரில் விரலை நனைத்து, பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயா, வேண்டாம். அட்ரஸ் எனக்குத் தெரியும்."

விரல் நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெபராஜ் பாட்டிலை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். விரல் மறுபடி தேய்த்தது. கோதுமைப் பசை இளகியது. நாற்பத்து மூன்று மெல்லச் சுருண்டு, ஓரத்தில் கிழிந்து, மேசையில் விழுந்தது. ஞானையா பாட்டிலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். தள்ளி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

மின்விசிறி பதினைந்து சுற்று சுற்றியது. ஜெபராஜ் எண்ணினார்.

"இது யார் வீட்டுக் காணிக்கை?"

இங்கே ஒரு பொய் சொல்லலாம். பெருங்களத்தூரில் ஒன்று சொல்லிப் பழகியாயிற்று. ஆனால் ஜெபராஜுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் வரும்.

"என் வீட்டுது ஐயா. மச்சினன் கொடுத்தது. தப்பாக் கூடைக்குள்ள போயிடுச்சு. நான் குடிக்கிறவன் இல்ல."

"நான் குடிச்சிட்டேனே." ஞானையா காலி பாட்டிலைப் பார்த்தார். "முழுசா குடிச்சிட்டேன், ஜெபராஜ். ரெண்டு டம்ளர். பாட்டுகூடப் பாடினேன்."

ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டார். தலைமையாசிரியர் அறையின் சுழல் நாற்காலி அவர் கண்ணெதிரே சுழன்று சுழன்று படப்பை திசையில் போயிற்று.

"டிரில் மாஸ்டரை அனுப்பினேன்" என்றார் ஞானையா. "அவர் வாசல்லதான் நின்னார்."

"ஆமாங்க ஐயா."

"அது ஒரு பக்கம் இருக்கட்டும். அதை நான் அவர்கிட்டதான் பேசணும். இப்ப இந்த மார்க்கை என்ன பண்றது?"

"எந்த மார்க் ஐயா?"

"எழுபத்தொண்ணு. ஜூஸுன்னு நினைச்சுத் திருத்தினேன். பூகோளப் பேப்பரை எடுத்து வரலாற்று விடைக்குறிப்பை வெச்சுத் திருத்தின மாதிரி ஆச்சு. கையெழுத்தும் போட்டாச்சு."

இந்த மனிதர் எங்கே கவலைப்படுகிறார் என்று ஜெபராஜுக்கு மெல்லப் புரிந்தது. பைக்குள் கை விட்டு இரண்டு சீட்டுகளையும் எடுத்து வைத்தார். ஞானையா ஐசக்கின் நூறைப் படித்தார். ஜெயவேலுவின் முட்டையைப் படித்தார். முட்டைக்குள் இருந்த முட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மூணு பேர் திருத்தியிருக்கோம். நூறு, எழுபத்தொண்ணு, பூஜ்யம். ஐசக் படிக்காமலே மார்க் போட்டிருக்கார், செல்லாது. ஜெயவேலு கோபத்துல போட்டிருக்கார், அதுவும் செல்லாது. மறுமதிப்பீடு செஞ்சே ஆகணும். உங்க பையில ஏதோ சத்தம் வருதே."

ஜெபராஜ் நாற்பத்திரண்டாம் நம்பரை மேசையில் வைத்தார்.

"திறங்க. நீங்கதான் திருத்தணும்."

"ஐயா, நான் தொட்டதில்ல."

"குடிக்கச் சொல்லல. மதிப்பிடச் சொல்றேன்."

ஜெபராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். குடித்தால், இன்டர்வியூவுக்கு முதல் நாள் கரஸ்பாண்டன்ட் முன்னால் உட்கார்ந்து பீர் குடித்தவன். குடிக்காவிட்டால், கரஸ்பாண்டன்ட் சொன்னதைத் தட்டினவன். இது உத்தரவா, சோதனையா என்று அந்த முகத்தில் தேடினார். அதில் சிவப்பு மை தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மூடியைத் திறந்தார். ஜன்னலோரம் இருந்த இன்னொரு டம்ளரில் இரண்டு விரல் உயரம் ஊற்றினார். நுரை இளஞ்சிவப்பாக எழும்பியது. கண்ணை மூடி ஒரு மடக்கு விழுங்கினார்.

களாக்காயைத் துருப்பிடித்த வாளியில் மூன்று நாள் ஊறப்போட்டு, அதில் சோடா ஊற்றினால் இப்படி இருக்கும் என்று தோன்றியது. காதுக்குப் பின்னால் ஒரு நரம்பு துடித்தது. இன்னொரு மடக்கு குடித்தார், நியாயத்துக்காக.

"சொல்லுங்க" என்றார் ஞானையா, பேனாவைத் தயாராகப் பிடித்து.

"பதினெட்டு."

"நூத்துக்கா?"

"ஆமாங்க."

"ஜெபராஜ், நிறத்துக்கே பதினெட்டு கொடுக்கலாம்."

"நிறத்தை எத்தனை தரம்தான் ஐயா பார்க்கிறது? அதுக்கு எட்டு. பாட்டில் நல்லாயிருக்கு, அதுக்குப் பத்து."

"பாட்டிலுக்கு மார்க் கிடையாது."

"அப்ப எட்டு."

ஞானையாவின் மீசை துடித்தது. "ஆரம்பத்துல ஒரு கம்பீரம் இருக்கு. அதை நீங்க மறுக்க முடியாது."

"புளிப்புக்குப் பேர் கம்பீரம்னா, ஐயா, எங்க வீட்டுப் பழைய மோர் ராஜா மாதிரி நடந்து போகணும்."

"மனசு லேசாச்சே எனக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அது சரக்கோட வேலை. பழத்தோட வேலை இல்ல. காப்பியடிச்சு வாங்கின மார்க்கை நீங்க சேர்ப்பீங்களா?"

மூன்றே கால். மூன்றரை. மூன்றே முக்கால். ஜெபராஜ் தன் முப்பது வருஷ உத்தியோகத்தில் மேலதிகாரியிடம் இவ்வளவு நீளமாக மறுத்துப் பேசியதில்லை. டம்ளரில் ஊற்றியதில் பாதி அப்படியே இருந்தது; ஆகவே பேசியது பீர் அல்ல. அநியாயமாக மார்க் போட்டால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான். ஞானையா பாட்டிலிலிருந்து சான்றுக்காகத் தன் டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். வாதத்தின் நடுவே மேசையைத் தட்டினார். ஜெபராஜும் தட்டினார். தட்டிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார்.

உள் அறைக் கதவு திறந்தது. ஞானையாவின் மனைவி கிருபா, தூக்கம் கலைந்த முகத்தோடு நின்றார். பெண்கள் சங்கத் தலைவி. அவரைக் கண்டால் பாஸ்டரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார்.

"என்ன சத்தம் ரெண்டு பேரும்?"

ஞானையா பேனாவைக் கீழே வைத்தார். "கிருபா, நீ நம்பர் ஒட்டின ஜூஸ், ஜூஸ் இல்ல."

கிருபா பாட்டிலை எடுத்துப் படித்தார். முகம் மாறவில்லை. டம்ளரை எடுத்து முகர்ந்தார். நாக்கு நுனியில் ஒரு துளி வைத்தார். பிறகு நேராகக் கொல்லைப்பக்கம் போனார். பாட்டில் மிச்சமும் டம்ளர் மிச்சமும் தொட்டியில் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாற்பது பொருளுக்கு ஒட்டிட்டு வந்த கை, படிக்காம ஒட்டிடுச்சு. அது என் தப்பு. அதை நான் சங்கத்துல சொல்லிக்கிறேன். ஆனா இந்தக் கண்றாவிக்கா எழுபத்தொண்ணு போட்டீங்க?"

"அது வந்து கிருபா..."

"ஜெபராஜ் தம்பி எத்தனை போட்டார்?"

"எட்டு" என்றார் ஞானையா, குரல் இறங்கி.

"தாராள மனசு" என்று சொல்லிவிட்டு, காபி போடப் போனார்.

காபி வந்தது. குடித்தார்கள். மூன்றாவது சர்பத் பாட்டில் கிருபாவிடம் போனது. கிளம்பும்போது ஞானையா வாசல் வரை வந்தார். "நாளைக்குப் பத்து மணி" என்றார். அந்த இரவு ஜெபராஜ் எத்தனை தடவை அந்த மூன்று சொற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும், அதில் வேலை இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை, காலை பத்து.

பள்ளி அலுவலகத்தில் கமிட்டி உட்கார்ந்தது. பாஸ்டர், ஞானையா, இன்னும் இரண்டு பேர். முதலில் படப்பைக்காரர் உள்ளே போனார். இருபது நிமிஷம். வெளியே வந்தபோது அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது. "கரஸ்பாண்டன்ட் என்ன கேட்டாலும் எனக்கும் அதே கருத்துன்னு சொன்னேன் சார். சந்தோஷமாத் தலையாட்டினார்" என்று ஜெபராஜிடம் நல்ல மனதோடு சொன்னார்.

ஜெபராஜ் உள்ளே போனார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

பாஸ்டர் கேட்டார்: "சார், கரஸ்பாண்டன்ட் ஐயாவுக்கும் உங்களுக்கும் ஒரு விஷயத்துல கருத்து ஒத்துப்போகலன்னா என்ன செய்வீங்க?"

ஜெபராஜ் வாயைத் திறப்பதற்குள் ஞானையா கையை உயர்த்தினார்.

"அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டாம் பாஸ்டர். எனக்குத் தெரியும். என் மார்க்கை என் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து இவர் குறைச்சார். என் மேசையைத் தட்டினார். எனக்குப் பிடிக்கல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பள்ளிக்கூடத்துல எனக்குப் பிடிக்காததைச் சொல்ல ஒரு ஆள்கூட இல்ல. அதனாலதான் டிரில் மாஸ்டர் விஷயத்துல ஒருத்தரும் வாயைத் திறக்கல. இன்னிக்குக் காலையில அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் இங்க வரேன். இவரையே போடுங்க."

என்ன மார்க், எந்த மேசை என்று யாருக்கும் புரியவில்லை. ஞானையாவிடம் விளக்கம் கேட்டுப் பழக்கமும் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஆர்டர் கைக்கு வந்தது. உறையோடு சேர்த்து ஞானையா சிவப்பு மைச் சீட்டையும் நீட்டினார். எழுபத்தொன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருந்தார்.

"உங்க எட்டையும் என் எழுபத்தொண்ணையும் கூட்டிச் சராசரி போட்டேன். முப்பத்தொம்பதரை. பாஸ் மார்க். அமெரிக்காவுக்கு அனுப்பிடுங்க, ஹெட்மாஸ்டர்."

ஜெபராஜ் ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். பொத்தானையும் போட்டார். பிறகு சீட்டை எடுத்துப் பார்த்தார். சீட்டை அப்படியே மேசையில், ஞானையாவின் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"ஃபெயில்தான் ஐயா. பாஸ் போட்டா மறுபடியும் காய்ச்சுவாங்க."

ஞானையா அவரையே பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். மூடினார். மறுபடி கழற்றினார்.

"உட்காருங்க" என்றார். "மணத்துலேருந்து ஆரம்பிப்போம்."